படகுக்கு வளைகாப்பு

ஒத்தக்கண் பாலத்துக்கு இந்தப் பக்கம், நாலு தெருக்காரர்களும் சேர்ந்து கட்டிய பிளாஸ்டிக் படகுக்குப் புரட்டாசி முடிகிற சமயத்தில் வயிறு வைத்தது.

முதலில் சொன்னவள் வேதவல்லி. பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து ஓய்வு வாங்கியவள். பால் பாக்கெட்டோடு கால்வாய்க் கரையோரமாக வந்தவள், நின்று, படகை முனையிலிருந்து முனைவரை ஒரு பார்வை பார்த்து, "இது மாசமா இருக்குது" என்று சொல்லிவிட்டு, பால் திரிந்துவிடும் என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. படகைத் தள்ளுகிற ரயிலடித் தெரு கன்னியப்பன், "எத்தினியாவது மாசம்?" என்று கேட்டதோடு சரி. எனக்குத்தான் எரிச்சல் வந்தது. மழைக்கு அதிக நாள் இல்லை. பாலத்தின் கண் அடைத்துக்கொண்டு கிடந்தது. இந்த நேரம் பார்த்தா?

படகு எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊர்த் தண்ணீரெல்லாம், மழைத் தண்ணீரும் சாக்கடையும் சலவைத் தண்ணீரும் சாயத் தண்ணீரும், எங்கள் கால்வாயில் விழுந்து, கிணற்றுத் தெரு, மாதா கோயில் தெரு, தர்கா சந்து, ரயிலடித் தெரு என்று நாலு தெருவின் கொல்லைப்புறத்தையும் உரசிக்கொண்டு போய், ரயில் மேட்டுக்கு அடியில் இருக்கிற ஒரே ஒரு கண் வழியாக நுழைந்து, அந்தப் பக்கம் போய்க் கடலைச் சேரவேண்டும். வேறு வழி கிடையாது. அதனால்தான் அதற்கு ஒத்தக்கண் பாலம் என்று பேர். போன வருஷம் அந்தக் கண்ணில் பாட்டிலும் பையும் தெர்மாகோலும் எவனோ தூக்கிப்போட்ட மெத்தையும் போய் அடைத்துக்கொள்ள, மழை கொட்டிய ஒரு மத்தியானம் தண்ணீர் போக இடம் தெரியாமல் திரும்பி எங்களிடமே வந்தது, விருந்தாளி மாதிரி முதலில் வாசலில் நின்றது, பிறகு சமையல்கட்டுக்குப் போனது, பிறகு கூச்சம் விட்டுப்போய்க் கட்டில்மேல் ஏறியது.

கட்டிலில் என் பெண்சாதி அமலோற்பவம் இருந்தாள். அவளுக்கு இடுப்புக்குக் கீழே ஓட்டம் இல்லை; வாய்க்கு உண்டு. கட்டில் காலுக்கெல்லாம் செங்கல் அண்டை கொடுத்தும் தண்ணீர் அதையும் தாண்டிவிட, வாசல் கதவைக் கழற்றி, அவளை அதன்மேல் கிடத்தி, கழுத்தளவுத் தண்ணீரில் பள்ளிக்கூடத்து மாடிக்கு மிதக்கவிட்டுக்கொண்டு போனோம். வழியில் கதவு ஒருபக்கம் சாய்ந்தது. அவள் உள்ளே போய்விட்டாள். நான் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றிலிருந்து அவள் முகத்தில் தண்ணீர் விட்டுக் கழுவவில்லை, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு வாட்டி என்னைக் கதவு மேல ஏத்தினே, நான் செத்தே போவேன், சொல்லிட்டேன்" என்றாள். நான் செங்கல்லை எடுக்கவில்லை. வருஷம் முழுக்கக் கட்டில் செங்கல்மேலேயே நின்றது. குனிந்தால் தண்ணீர்ச் செம்பு எட்டாது, நிமிர்ந்தால் ஓட்டுக்கூரை இடிக்கும். "பரண்ல போட்ட பூசணிக்கா மாதிரி கெடக்கறேன், இந்த ஆளைக் கட்டிக்கிட்டு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

அதனால் படகு. கண்ணுக்குள் போய் அடைப்பை வாரிக்கொண்டு வர ஒரு படகு. மரத்துக்கு எங்கே போவது, பிளாஸ்டிக்தான் எங்களிடம் மலையாகக் கிடந்தது. தர்கா சந்து முபாரக் பாயின் பழைய சாமான் கடையில் அரைக்கிற மிஷின் உண்டு. கால்வாயில் வாரியதையே, ஷாம்பு டப்பாவும் எண்ணெய் கேனும் உடைந்த குடமும் கால் போன நாற்காலியும் யாரோ அழுதுகொண்டே தொலைத்திருக்கிற பொம்மைக் காரும், கழுவி, காயவைத்து, அரைத்து, உருக்கி, இரும்பு அச்சில் ஊற்றி அழுத்திப் பலகை பலகையாக எடுத்தோம். நான் தண்ணீர்க் குழாய் ஒட்டுகிற வேலை செய்தவன், சூட்டுத் தட்டு வைத்துப் பலகைக்குப் பலகை ஒட்டினேன். மிதக்கிறதற்காக அடிவயிற்றில் மூடி இறுக்கிய காலி பாட்டில்களை அடுக்கினோம். நிறம் என்ன என்று கேட்காதீர்கள். திருவிழா மிட்டாய்க் கூடை கவிழ்ந்த மாதிரி இருந்தது.

தப்பு நடந்தது உட்காருகிற பலகையில். நீளப் படகென்றால் ஒரு தெருக்காரன் முன்னால் உட்கார, இன்னொரு தெருக்காரன் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் உட்காரவேண்டும். எங்களிடம் அது நடக்காது. மாதா தேரானாலும், சந்தனக்கூடானாலும், அம்மன் கரகமானாலும், சாவே ஆனாலும், ஒரு தெருவின் முதுகை இன்னொரு தெரு பார்த்து நடந்ததில்லை. நாலு தெருவும் தோளோடு தோளாக ஒரே வரிசையில்தான் போவோம், சந்து இடுக்காக இருந்தால் இரண்டு ஓரத்துக்காரர்களும் சுவரில் தேய்த்துக்கொண்டு போவார்கள், தோல் போனாலும் பின்வாங்க மாட்டார்கள். ஆகவே நாலு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற மாதிரி படகு அகலவாட்டில் வளர்ந்தது. "கண்ணு அளவு பாத்தீங்களா?" என்று நான் கேட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம் சவரி அண்ணாத்தே" என்றார்கள். ஒரு விஷயத்தை இரண்டாவது தடவை சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஆடியில் வெள்ளோட்டம். சவுக்குக் கட்டையில் சட்டம் அடித்து, கரையில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் நிறுத்தினார்கள். நாலு தெருப் பெரிய மனிதர்களின் முகமும் ஒரே அளவில், ஒரே வரிசையில், ஒருத்தர் தோள்மேல் இன்னொருத்தர் தோள் படாமல். ஓரத்தில் கன்னியப்பன் முகமும், அரைக்கண் மூடிக்கொண்டு என் முகமும் இருந்தன. தேங்காய் உடைத்தார்கள், பாத்தியா ஓதினார்கள், ஜெபம் பண்ணினார்கள், நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து கையசைத்துக்கொண்டே பாலம்வரைக்கும் போனார்கள், கண்ணுக்கு முன்னால் போய் டொக்கென்று நின்றார்கள். இரண்டு பக்கமும் இடித்தது. தள்ளிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், இறங்கி நின்று திட்டிப் பார்த்தார்கள்.

"அகலம் கொஞ்சம் தூக்கலா இருக்குதோ?" என்றார் முபாரக் பாய்.

அந்த வாரமே ஆடிக்காற்றில் ஃப்ளெக்ஸ் சட்டத்தோடு காணாமல் போயிற்று. காற்றின் மேல் யாரும் பழி போடவில்லை. எங்கள் ஆள் முகம் நடுவில் இருந்ததைப் பொறுக்காமல் நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று நாலு தெருவும் நாலு தெருவைச் சொல்லி, பேச்சுவார்த்தை நின்று, மறுபடி ஒரு கல்யாணத்தில் பிரியாணி சாப்பிடும்போது சேர்ந்துகொண்டார்கள்.

படகு சும்மா இருக்கவில்லை. கண்ணுக்குள் போக முடியாவிட்டாலும் வெளியே கிடந்ததை எல்லாம் வாரியது. ஆவணியில் ஏதோ ஓர் ஆபீசிலிருந்து மஞ்சள் நிறத்தில் மிதக்கிற தூர்வாரி மிஷின் ஒன்று வந்தது. அதன் கை கண்ணுக்குள் எட்டவில்லை. கொஞ்சம் சேற்றைக் கிளறி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போட்டுவிட்டு, ரிப்பேராகி, எங்கள் படகுக்குப் பக்கத்திலேயே நின்றது. பிறகு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. கண் மட்டும் அப்படியே. உள்ளே எங்கேயோ அடைப்பு. தண்ணீர் கசிந்துதான் போனது. கரையிலிருந்து மூங்கில் விட்டால் எட்டவில்லை.

அப்புறம்தான் படகு மாறியது. காலையில் ஏற்றுகிற முதல் கூடைக் குப்பையை ஒருபக்கம் சாய்ந்து அப்படியே கொட்டிவிடும், மத்தியானத்துக்கு மேல்தான் எதுவும் தங்கும். டீசல் வாடை வந்தால் கரையிலிருந்து விலகிப் போகும். எங்கே கட்டிப்போட்டாலும் கயிற்றை நெகிழ்த்திக்கொண்டு கிணற்றுத் தெருப் புளியமரத்தடிக்குப் போய், தாழ்ந்த கிளையில் மூக்கை உரசிக்கொண்டு நிற்கும். யாரும் ஏறாமலே ஆள் ஏறிய மாதிரி தண்ணீரில் அமுங்கி உட்காரும். நான் ஒட்டு விட்டுப்போயிற்றோ என்று அடியெல்லாம் தட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

"மாசமா இருக்குதுன்னு வேதவல்லி சொல்லிட்டாளே, இன்னும் இன்னாத்தைத் தட்டறே?" என்றாள் மீன் விற்கிறவள்.

"முழுகாம இருக்குதாம்" என்றான் கன்னியப்பன்.

"படகுன்னா முழுகாமத்தான்டா இருக்கணும்" என்றார் முபாரக் பாய். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

யார் காரணம் என்பதில் பெரிய வாக்குவாதம் கிடையாது. "அந்த மஞ்சா மிஷின்தான். பக்கத்துல நின்னப்பவே நெனச்சேன். ரிப்பேராம் ரிப்பேரு" என்றான் கன்னியப்பன். தேடிப்போய்க் கேட்கலாம் என்றான் ஒருத்தன். ஆபீசில் போய் என்னவென்று எழுதிக் கொடுப்பது என்று விட்டுவிட்டார்கள். ஊரில் இது புதிதா என்ன, நம்ம வீட்டுப் பெண்ணை நாம்தான் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றார்கள் பெண்கள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

படகு வேலை நின்றுபோனதுதான் எனக்குப் பிரச்சினை. வேதவல்லி படகின் விலாவில் காதை வைத்துக் கேட்டு, "ஒம்பதாம் மாசம் நடக்குது, இனிமே ஒரு சருகுகூட ஏத்தக்கூடாது" என்று சொல்லிவிட்டாள்.

"தண்ணியில எறங்கியே மூணு மாசம் ஆவல" என்றேன்.

"நீ இன்னா பெத்தவனா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து அமலாவிடம் சொன்னேன். மழை வருகிறது, கண் அடைத்திருக்கிறது, படகைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். வேறு என்ன சொல்ல. அவள் கைவிரல்கள் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தன. பிறகு, "வளைகாப்பு என்னைக்காம்?" என்று கேட்டாள்.

வளைகாப்பு ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை. நாலு தெருப் பெண்களும் வந்தார்கள். எலுமிச்சம்பழச் சாதம் கிணற்றுத் தெரு, புளிச்சாதம் ரயிலடித் தெரு, தேங்காய்ச் சாதம் மாதா கோயில் தெரு, தர்கா சந்திலிருந்து ஒரு குண்டான் நெய்ச்சோறு. படகுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, முனையில் சந்தனம் தடவி, பூச்சரம் சுற்றி, துடுப்பு மாட்டுகிற முளை இரண்டையும் இரண்டு கை என்று வைத்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக் படகுக்குப் பிளாஸ்டிக் வளையலே போதாதா, கண்ணாடி உடைந்து காலில் குத்தும் என்றார் முபாரக் பாய். "உன் பொண்டாட்டிக்கு இன்னா போட்டே?" என்று கேட்டாள் வேதவல்லி. பாய் போய்விட்டார். கண்ணாடி வளையல்தான் வந்தது, பச்சையும் சிவப்பும்.

அமலாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். அவளே கேட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வளைகாப்பு விடாமல் போவாள். உட்காரவைப்பார்கள், காப்பி கொடுப்பார்கள், கலர் சாதம் கொடுப்பார்கள், வளையல் போடமட்டும் கூப்பிட மாட்டார்கள். அவளும் எதிர்பார்க்காத மாதிரி பக்கத்தில் இருக்கிறவளோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பாள். அன்றைக்கும் பேசிக்கொண்டிருந்தாள். வேதவல்லி வளையல் தட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள்.

"மொத வளையல் நீ போடு அமலா."

ஒருத்தி தொண்டையைக் கனைத்தாள். "இல்லக்கா, மொறை ஒண்ணு இருக்குதே…"

"இன்னா மொறை? யாரு பெத்தா யாரு பெக்கலன்னு படகுக்குத் தெரியுமா? பிரசவ வார்டுல முப்பது வருஷம் புள்ளை வாங்கின கை இது. நான் சொல்றேன். போடு அமலா."

படகு தண்ணீரில் நின்றது, நாற்காலி படிக்கட்டில் நின்றது, இடையில் ஒரு கை நீளத்துக்குக் கறுப்புத் தண்ணீர். அமலா தண்ணீரைப் பார்த்தாள். ஒரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், பட்டன் தெறித்தது. மற்றக் கையை நீட்டினாள். எட்டவில்லை. படகு தானாக நெருங்கி வந்து படியில் தோளைச் சாய்த்தது. வளையல் முளையில் இறங்கியது. நாலு தெருவும் குலவை போட்டது. திரும்பி வரும்போது, வழியெல்லாம், என் சட்டை மட்டமான சட்டை என்று திட்டிக்கொண்டே வந்தாள்.

மழை செவ்வாய்க்கிழமை பிடித்தது. அடைமழை. விடியலில் கால்வாய் படிக்கட்டை மூடியது, சாப்பாட்டு நேரத்துக்குள் கொல்லைக்கு வந்தது, சாப்பிட்டு முடிப்பதற்குள் எங்கள் வாசற்படியை முகர்ந்து பார்த்தது. பழைய விருந்தாளி. வழி அதற்குத் தெரியும்.

அப்போதுதான் கரையிலிருந்து வளையல் சத்தம் கேட்டது. காற்றில் குலுங்குகிற சத்தம் இல்லை. வலியில் கையை உதறுகிற சத்தம். ஓடினோம். படகு புளியமரத்தடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டுகொண்டிருந்தது. வேதவல்லி உரச்சாக்கைத் தலைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் ஏற்கெனவே நின்றாள்.

"ஆம்பளைங்கல்லாம் அந்தப் பக்கம் திரும்பு."

"அத்தே, கயிறு என் கையில…" என்றான் கன்னியப்பன்.

"கயித்தப் புடிச்சிக்கிட்டே திரும்புடா."

திரும்பி நின்றோம், மழையில், முதுகு காட்டிக்கொண்டு, நாலு தெரு ஆண்பிள்ளைகளும் ஒரே வரிசையாக. அதனால் எப்படி நடந்தது என்று என்னைக் கேட்டுப் புண்ணியமில்லை. கேட்டதைச் சொல்கிறேன். வளையல்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. வேதவல்லி, "அவ்ளோதாண்டி, அவ்ளோதாண்டி கண்ணு, இன்னும் ஒரே ஒரு வாட்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு சோடா மூடி திறக்கிற மாதிரி ஒரு சத்தம், பெரிய சத்தம். பிறகு மழை மட்டும்.

"திரும்புங்க. நல்லபடியா ஆச்சு."

தாயின் விலாவை ஒட்டிக்கொண்டு சின்னதாக ஒன்று மிதந்தது. நீளம், ஒல்லி, ஓர் ஆள் படுத்தால் சரியாக இருக்கிற அளவு. தாயின் நிறமெல்லாம் அதற்கும் இருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு. "நான் அப்பவே சொல்லல?" என்றான் கன்னியப்பன். இரண்டுக்கும் நடுவே மணிக்கட்டுக் கனத்தில் ஒரு கயிறு, முடிச்சு இல்லாமல், இரண்டு பக்கமும் பலகையிலிருந்தே வளர்ந்திருந்தது. தொட்டேன். சூடாக இருந்தது.

முபாரக் பாய் பாலத்தைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது கண்ணுக்குள்ள போவும்" என்றார்.

பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். பிறந்த குழந்தையையா, இன்னும் உடம்பு காயவில்லை, கொடி அறுக்கவில்லை, நாக்கில் நரம்பு இருக்கிறதா உங்களுக்கு, நடுக் கால்வாய் இருட்டில் கொண்டுபோய்த் தள்ளவா பெற்றோம், வீடு போனால் வேறு வீடு கட்டிக்கொள்ளலாம். வேதவல்லி கையை விரித்துக்கொண்டு குட்டிக்கு முன்னால் நின்றாள். அவள் வீடும் பள்ளத்தில்தான் இருந்தது. அப்படியும் நின்றாள்.

நான் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் உள்ளே வந்து, கட்டில் காலைச் சுற்றி, முதல் செங்கல்லை முழுங்கி, இரண்டாவதில் பாதியில் நின்றது. அமலா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். என் கண் கதவின் கீல்பக்கம் போனது.

"கதவைப் பாக்காதே" என்றாள்.

"பாக்கல."

"என்னா புள்ளை?"

"ஒல்லியா இருக்குது. உள்ள போவும். வுட மாட்டேங்கறாளுங்க."

அவள் யோசித்தாள். "யோவ்" என்றாள், "பச்சப்புள்ளை வேலை செய்ய வேணாம். நீ செய். அது சும்மா மிதந்தாப் போதும். அப்பிடி நான் சொன்னேன்னு வேதவல்லிகிட்ட போய்ச் சொல்லு." நான் வாசலுக்குப் போனதும் மறுபடி கூப்பிட்டாள். "குப்புறப் படு. மல்லாந்து படுத்தா உன் மூக்கு மேல இடிக்கும்."

போய்ச் சொன்னேன். வேதவல்லி குட்டியின் முனையைத் தடவிக்கொண்டே கேட்டாள். "கொடியை அறுக்க மாட்டேன். கொடியோடதான் போவணும், கொடியோடதான் வரணும்" என்றாள். சரி என்றேன். கன்னியப்பன் ஒரு கயிறும் டார்ச்சும் கொடுத்தான். அவளே குட்டியைப் பிடித்துக்கொண்டு என்னை ஏற்றிவிட்டாள். ஒடிசலான உடம்பு எதற்குமே ஆகாது என்று ஊரே சொல்லியிருக்கிறது. குப்புறப் படுத்தேன். எனக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

தாயும் கூடவே வந்தது, யாரும் தள்ளாமல், பிள்ளைபெற்ற உடம்போடு, ஆடி ஆடி. கண்ணுக்கு முன்னால் வந்ததும் அதன் இரண்டு தோளும் இடித்தன. அங்கேயே நின்றுவிட்டது, பள்ளிக்கூட வாசலில் அம்மாக்கள் நிற்கிற மாதிரி. குட்டியும் நானும் உள்ளே போனோம். கொடி பின்னால் நீண்டுகொண்டே வந்தது.

உள்ளே தலை நிமிர்த்த இடமில்லை. மேலே ஒரு ரயில் போனது, கல்லெல்லாம் பல்லைக் கடித்தது. கையை நீட்டித் துழாவிக்கொண்டே போனேன். முதலில் கையில் பட்டது கன்னியப்பனின் காது. டார்ச் அடித்தேன். ஃப்ளெக்ஸ். சட்டத்தோடு வந்து, கண்ணின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் சரியாக, ஆசாரி அளவெடுத்து அடித்த கதவு மாதிரி மாட்டிக்கொண்டிருந்தது. நாலு தெரு முகங்களும் ஒரே வரிசையில், தோளோடு தோளாக, வெள்ளத்துக்கு எதிரே கையைக் கூப்பிக்கொண்டு நின்றன. யாரும் திருடவில்லை. ஓரத்தில் நான் அரைக்கண் மூடிக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே படுத்துக்கொண்டு சிரித்தேன்.

கொண்டுபோன கயிற்றைச் சவுக்குக் கட்டையில் சுற்றி இறுக்கி, மறுமுனையை வெளியே வீசினேன். "இழு!" என்று கத்தினேன். இழுக்க நிற்கிற இடம் பாலத்தடித் திட்டு, ஓர் ஆள் அகலம். பக்கத்தில் பக்கத்தில் நிற்க வழி கிடையாது. குட்டிமேல் படுத்தபடி திரும்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில், மழைக்குள், ஒருத்தன் பின்னால் ஒருத்தன், ஒருத்தன் பின்னால் ஒருத்தி, கிணற்றுத் தெருவுக்குப் பின்னால் தர்கா சந்து, தர்கா சந்துக்குப் பின்னால் ரயிலடி, ரயிலடிக்குப் பின்னால் மாதா கோயில், அதற்குப் பின்னால் மறுபடி கிணற்றுத் தெரு என்று கலந்து நின்று, முன்னால் இருக்கிற முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு இழுத்தார்கள். யார் முதுகு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மழையில் காதில் விழுந்திருக்காது.

கட்டை நடுவில் ஒடிந்தது. பாதி முகங்கள் எங்கள் பக்கம் வந்தன, மீதி முகங்களைத் தண்ணீர் சுருட்டிக்கொண்டது. அவற்றுக்குப் பின்னால் அடைந்து கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் அந்தப் பக்கம் போயிற்று. குட்டியும் போயிற்று, நானும் போனேன். கண்ணின் அந்தப் பக்க வெளிச்சம் என்னை நோக்கி ஓடிவந்தது, அதற்கப்பால் கடல்வரைக்கும் தடுக்க ஒன்றும் இல்லை, அமலாவிடம் கட்டிலைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு வந்திருக்கலாம் என்று நினைத்தேன். அப்போது கொடி விறைத்தது. குட்டி நின்றது. தண்ணீர் எங்கள் இரண்டு பக்கமும் பிய்த்துக்கொண்டு போனது, நாங்கள் நின்றோம். பின்னால் கண்ணின் வாயில் தாய் குறுக்கே மாட்டிக்கொண்டு, இரண்டு தோளையும் கல்லில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, அடியில் வெள்ளத்தை விட்டுவிட்டுத் தான்மட்டும் அசையாமல் நின்றது. ஒரு சாண் ஒல்லியாகக் கட்டியிருந்தால் மூன்று பேரும் கடலுக்குப் போயிருப்போம்.

தாயைப் பின்னுக்கு இழுத்து, கொடியோடு எங்களையும் வெளியே இழுத்துப் போட்டார்கள். கால்வாய் குடிகாரன் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு பாலத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. படிக்கட்டு ஒவ்வொன்றாக மேலே வந்தது. எல்லாரும் மூச்சு வாங்கினார்கள். முன்னால் நின்றவன் தோளில் பின்னால் நின்றவன் கை இன்னும் இருந்தது. முபாரக் பாய் படியில் உட்கார்ந்து அழுதார். கேட்டதற்குக் கண்ணில் மழை என்றார். வேதவல்லி புது பிளேடு கேட்டு வாங்கி, இரண்டு இடத்தில் நூல் கட்டி, கொடியை அறுத்தாள். ஒடிந்து வந்த பாதி ஃப்ளெக்ஸைத் தாய்க்கும் பிள்ளைக்கும் மேலே கூரையாக இழுத்துக் கட்டினார்கள். மழையில் நனையக்கூடாதாம். தண்ணீரில் மிதக்கிற ஜென்மங்கள். நானும் ஒரு முனையைப் பிடித்துக் கட்டினேன்.

வீட்டில் தண்ணீர் இறங்கித் தரையில் சேறு மட்டும் நின்றது. அமலா கட்டில் சட்டத்திலிருந்து கையை எடுத்திருந்தாள்.

"கொடி அறுத்தாச்சா?"

"அறுத்தாச்சு."

"நீ உள்ள போனப்ப மூக்கு இடிச்சுதா?"

"இல்ல."

கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "மூஞ்சியெல்லாம் பிசுபிசுன்னு இருக்குது, கொஞ்சம் தண்ணி மொண்டு ஊத்து" என்றாள். செம்பில் மொண்டு ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாள், நேராக முகத்தில். இன்னும் ஊத்து என்றாள். ஊற்றினேன்.

"இப்ப இந்தச் செங்கல்லை எடுய்யா. எவ்ளோ நாளைக்குத்தான் பரண்ல கெடப்பேன்?"

ஒவ்வொரு காலாகத் தோள் கொடுத்துத் தூக்கி, காலால் செங்கல்லைத் தள்ளினேன். "சாய்க்காதே, சாய்க்காதே, தள்ளிடப்போற, ஆளைப் பாரு ஒட்டடைக்குச்சி" என்று கடைசிக் கால்வரைக்கும் திட்டினாள். கட்டில் தரையில் உட்கார்ந்தது. கையைத் தொங்கவிட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்தாள், விரலில் பட்ட சேற்றைப் போர்வையில் துடைத்தாள், அப்படியே தூங்கிப்போனாள்.

செங்கல்லை வாரி வாசலில் போட்டேன். காலையில் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. எந்தத் தெருக்காரன் எடுத்தானோ.

போகட்டும்.